கார் வரைக்கும் வந்த ஓட்டுச்சீட்டு

டெக்சஸில், காப்பெலில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில், எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அந்த அம்மாவுடையது. எண்பத்து நாலு வயதுக் கறுப்பினப் பெண்மணி. ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிளஸ் டூவோடு நின்றவள். இங்கிலீஷை டிவியிலும் கடை வரிசையிலும் பொறுக்கியதுதான். பாதிக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே ரசப் பாத்திரத்தோடு போய் நிற்பேன். மாடியில் குடியிருப்பவன் தடதடவென்று நடந்தால், "அவனுக்கு ரெண்டு காலுன்னுதான் சொல்றாங்க, நான் எண்ணினா ஆறு வருது" என்பார். டாக்டர் அதட்டினால், "என் இடுப்பை அவருக்கு ரெண்டு மாசமாத்தான் தெரியும்" என்பார். அவருடைய இங்கிலீஷை என் வாய்க்கு வந்த தமிழில்தான் இங்கே தருகிறேன்.

முதல் நாள் மரியாதையாக ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். அவர் முகம் இறுகிப் போயிற்று. ரொம்ப நாள் கழித்துக் காரணம் சொன்னார். அவருடைய அம்மா காலத்தில் வெள்ளைக்காரர்கள் கறுப்புப் பெண்களை மிசஸ் என்று சொல்லவே மாட்டார்களாம். வயதானால் ஆன்ட்டி, இல்லாவிட்டால் வெறும் பெயர். அதன் பிறகு மிசஸ் சேர்த்துக் குடும்பப் பெயரைத்தான் சொன்னேன்.

இரண்டாயிரத்தில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது அவர் வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். இரண்டு மாதம் முன்பு குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. கலிபோர்னியாவில் இருந்த மகள் தபால் ஓட்டுக்கான படிவத்தை அனுப்பியிருந்தாள். அவர் அதன்மேல் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: செவ்வாய்க்கிழமை காரில் கூட்டிக்கொண்டு போவாயா? போட முடிந்த காலத்திலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை, இதையும் நேரில் போய்த்தான் போடுவேன் என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் பயம். "வழியில விழுந்து கிழுந்து வெச்சாங்கன்னா அவங்க பொண்ணு நம்மள கோர்ட்டுக்கு இழுத்து சூ பண்ணிடும். பேசாம இரு."

"நீங்க ஆபீஸ் போங்க. நான் பாத்துக்கறேன்."

அன்று காலை அவர் நீல நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாக்கரின் கால்களைக்கூடத் துடைத்துவைத்திருந்தார். ஓட்டுச்சாவடி ஒரு தொடக்கப் பள்ளியில். வாசலுக்கு வெளியே வரிசை வளைந்து நின்றது. காரை நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தால், நடக்க முடியாதவர்கள் காரிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று ஒரு பலகை. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. எங்கள் ஈரோட்டுப் பக்கம் வயசானவர்களைக் கட்சிக்காரர்கள் ஆட்டோவில் கூட்டி வருவார்கள். அதற்கும் முடியாதவர்களை நாற்காலியோடு தூக்குவார்கள். அதுவே பெரிய கவனிப்பு. இங்கே ஓட்டுச்சீட்டே காரைத் தேடி வருகிறது. ராஜ உபசாரம் இல்லையா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே ஓடி, அதிகாரியைக் கையோடு கூட்டி வந்துவிட்டேன்.

அந்த வெள்ளைக்கார அதிகாரி நல்ல மனிதர். அட்டையில் ஓட்டுச்சீட்டைச் செருகி, பேனாவைத் திறந்தே கொண்டுவந்து, குனிந்து வணக்கம் சொன்னார். அந்த அம்மா கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். சீட்டைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீயா கூட்டி வந்தே?"

ஆமாம் என்றேன், இன்னும் பெருமையோடு.

அப்போதுதான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். எனக்கா, ஜன்னலில் குனிந்திருந்தவருக்கா தெரியவில்லை. கிழக்கு டெக்சஸில் ஒரு பருத்தி ஊர். இவருக்கு எட்டு வயது. அந்தக் காலத்தில் ஓட்டுப் போடவே வரி கட்ட வேண்டும். அப்பா கட்டிவிட்டு, ரசீதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். அது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அங்கே அப்போது அந்த ஒரே கட்சியின் ராஜ்யம்; அதில் ஜெயித்தவர்தான் ஜெயித்தவர், பின்னால் நடப்பது சடங்கு. வாசலில் நின்ற ஆள், இது வெள்ளையர்களுக்கு மட்டும் என்று, அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டான். அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. எதிரில் ஒரு மரத்தடியில் நின்று, மற்றவர்கள் உள்ளே போய் வருவதை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கால் வலிக்கிறது என்று அழுத பிறகுதான் கிளம்பினார்.

"எங்கப்பாவை வெளியவே நிக்க வெச்சாங்க. நான் வெளிய உக்காந்து போட மாட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "சரிங்க, மேடம்" என்றவர் போய்ப் பள்ளிக்கூடக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் உபசாரம் என்று நினைத்ததை அவர் எட்டு வயதிலிருந்தே மறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

காருக்கும் கதவுக்கும் நடுவே சும்மா நடந்தால் ஒரு நிமிஷம். எங்களுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. வரிசையில் இருந்தவர்கள் முன்னால் போகச் சொன்னார்கள்; நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார். "இடம் விட்டா வாங்கிக்குவேன், வாசலைத்தான் விட மாட்டேன்" என்று என்னிடம் முணுமுணுத்தார். நிலைப்படியில் வாக்கரின் கால் இடறியது. அவர் வலது தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர் சொன்னது காதில் ஒலிக்க, தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கால் என்னோடது, அவசரம் உன்னோடது. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். முதலில் வாக்கர், பிறகு நல்ல கால், பிறகு வெட்டித் தைத்த கால். உள்ளே போய்விட்டார்.

ஓட்டுப் போடுமிடத்தை மறைத்திருந்த தட்டிக்குக் கீழே அவருடைய கறுப்புச் செருப்பும் வாக்கரின் நாலு ரப்பர் கால்களும் மட்டும் தெரிந்தன. ஜனாதிபதியில் ஆரம்பித்து, யாருக்கும் பேர் தெரியாத கீழ்க்கோர்ட்டு நீதிபதி வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவர் திரும்பவில்லை. சீட்டைத் தன் கையாலேயே பெட்டிக்குள் தள்ளி, அது முழுக்க உள்ளே போகும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீ போய்ப் போடு."

நான் போன வருஷமே கையைத் தூக்கிச் சத்தியம் செய்து குடியுரிமை வாங்கியவள். அது அவருக்குத் தெரியும், கேக் செய்து கொடுத்ததே அவர்தான். உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் தேர்தல் என்றால் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கும்பிட்டு, பேரும் நம்பரும் எழுதின சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். இங்கேயும் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். நாமேதான் பதிவு செய்ய வேண்டும் என்றே தெரியாது.

கதவைப் பிடித்திருந்த அதிகாரி சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்கப்பாவையும் யாரும் கூப்பிடலை" என்றார். "கூப்பிடாமத்தான் போனார்."

அதிகாரியிடம் பதிவுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினார். இந்தத் தேர்தலுக்குக் காலம் கடந்துவிட்டது, அடுத்ததற்குத்தான் ஆகும் என்றார் அதிகாரி. அப்படியானால் வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதுகிறேன், நீங்கள் ரொம்ப நேரம் நின்றுவிட்டீர்கள் என்றேன்.

"நான் நிக்கறேன். நீ எழுது."

பிள்ளைகளின் ஓவியங்கள் ஒட்டியிருந்த சுவரில் தாளை வைத்து, பெயரை எழுத ஆரம்பித்தேன்.