டோன்காவின் ரிஷ்கோவும் பொய் எழுதாத வலைப்பூவும்

டோன்காவுக்குப் பிள்ளை கிடையாது, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால்தான் நாயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள் என்று பல்கேரியாவில் இருக்கும் எங்கள் லோம் ஊரில் சொல்வார்கள். சுத்த அபத்தம். புருஷன் உயிரோடு இருந்தபோதே அவருக்கு ரொட்டியும் தயிரும், நாய்க்கு எலும்பெடுத்த கோழிக்கறி என்று நடத்தியவள் அவள்.

நாயின் பெயர் ரிஷ்கோ. செம்பட்டை முடி, மடங்கிய ஒரு காது, பதினோரு வயது. அவனுக்குச் சிவப்புக் கம்பளியில் இரண்டு சட்டை பின்னியிருந்தாள், ஒன்று நனைந்தால் மாற்றுவதற்கு. அவள் வேலை பார்த்த ஊர் வாசகசாலையில் கணப்புக்குப் பக்கத்திலேயே அவனுக்கு மெத்தை. மார்ச் மாதம் பிறந்தால் எல்லோரும் கையில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொள்ளும்போது அவன் கழுத்துப் பட்டையிலும் ஒன்று தொங்கும்.

"டோன்கா, என்னையும் உன் வீட்டு நாயாச் சேர்த்துக்கோயேன்" என்பார் கறிக்கடை இஸ்க்ரென்.

"நீ கத்துற கத்துக்கு ஊரே காலி பண்ணிட்டுப் போயிடும். கறியை வெட்டு."

ஊர் ஏற்கெனவே பாதி காலிதான். வாசகசாலைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மா அப்பா ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ இருந்தார்கள். பிள்ளைகள் கணப்பின் சூட்டுக்காக வந்தார்கள், ரிஷ்கோவுக்காக வந்தார்கள், புத்தகத்தைத் தொட மட்டும் மாட்டார்கள். எழுதச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும். டோன்கா யோசித்து, அங்கிருந்த ஒரே கணினியில் ஒரு வலைப்பூ தொடங்கினாள். 'ரிஷ்கோ பேசுகிறான்' என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளை மெத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து, ரிஷ்கோ சொல்வதுபோல எழுத வேண்டும். எத்தனை வரியானாலும் சரி. விதி ஒன்றே ஒன்று.

"பொய் எழுதக் கூடாது. அவன் செய்யாததைச் செஞ்சான்னு எழுதினா அவனுக்குக் கோபம் வந்துடும்."

நெவேனா முதலில் எழுதியது ஒரே வரி: 'இன்று மழை, என் கால் ஈரம்.' பத்து வயதுப் பெண். அம்மா ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கிறாள், இவள் இங்கே அத்தை வீட்டில். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டாள். அந்த ஒரு வரிக்குக் கீழே ஸ்பெயினிலிருந்து அவள் அம்மா எழுதினாள்: 'கண்ணு, உனக்கும் கால் ஈரமா?' நெவேனா அதைப் படித்துவிட்டு ரிஷ்கோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் கிடந்தாள். அடுத்த முறை நாலு வரி எழுதினாள். இந்தப் பெண்ணை எழுத வைத்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று டோன்கா நினைத்தாள். அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவுமில்லை.

ஈஸ்டர் வந்தது. அம்மா போனில் சொல்லச் சொல்ல நெவேனா முதல் முறையாகத் தானே கொசுனாக் சுட்டாள், பண்டிகைக்குச் செய்யும் இனிப்பு ரொட்டி. அவள் அம்மாவின் கைப்பக்குவத்தில் உலர்ந்த திராட்சை அள்ளிக் கொட்ட வேண்டும், கொட்டினாள். திங்கட்கிழமை வாசகசாலை மூடும் நேரத்தில் ஓடிவந்து, முழு ரொட்டியில் பாதியை ரிஷ்கோவின் மெத்தைமேல் வைத்துவிட்டு, "அவனுக்கு, அவனுக்கு மட்டும்" என்று சொல்லி வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். டோன்கா திரும்பிப் பார்ப்பதற்குள் ரிஷ்கோ கடைசித் துணுக்கை நக்கிக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். "திருடா, எனக்கு ஒரு வாய் வச்சியாடா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் வாந்தியெடுத்தான். புதன்கிழமை எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காஞ்ச திராட்சை ஏதாவது சாப்பிட்டானா?"

"கொசுனாக் சாப்பிட்டான். பண்டிகைதானே."

"நாய்க்கு அது விஷம், டோன்கா. சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு."

வியாழக்கிழமை காலை, சிவப்புச் சட்டையோடு, அவள் மடியிலேயே ரிஷ்கோ செத்துப்போனான். அவள் வாய்விட்டு அழுதாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த பிளம் மரத்தடியில் தானே குழி தோண்டிப் புதைத்தாள். மண்ணைத் தள்ளும்போதுதான் நெவேனாவின் நினைப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வாசகசாலையைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். பொஜிதாரின் அம்மா மருத்துவரிடம் உதவியாளர். அந்தப் பையன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தான்.

"ரொட்டியில இருந்த திராட்சைதானாம். யாரோ குடுத்திருக்காங்க" என்றான்.

நெவேனா சுவரோடு சுவராக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. டோன்கா போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டு ரொட்டி. பெரிய துண்டா வெட்டிக் குடுத்தேன்."

"அப்ப என்னோடது?" நெவேனாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அதை அவன் தொடவே இல்லம்மா. அப்பவே வயிறு சரியில்ல அவனுக்கு. குருவிங்களுக்குப் போட்டுட்டேன்."

நெவேனா அவளையே பார்த்தாள். மெல்ல மெல்ல அந்த முகத்தில் ரத்தம் திரும்பியது, கூடவே கோபமும் ஏறியது.

"நீங்க பெரியவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"ஆமா" என்றாள் டோன்கா. "தெரிஞ்சிருக்கணும்."

அன்று நெவேனாவின் முறை இல்லை. ஆனாலும் கணினிமுன் போய் உட்கார்ந்தாள், யாரும் தடுக்கவில்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒன்றரை மணி நேரம் எழுதினாள். முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். எதை எழுதினாலும் டோன்கா பார்த்துத்தான் வெளியிடுவாள். அன்றும் படித்தாள்.

மூன்று பக்கம். அவன் தும்மினால் காது எப்படி ஆடும், கணப்புச் சூட்டில் அவன் முடி எப்படி மணக்கும், ஒன்று விடவில்லை அந்தப் பெண். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'டோன்கா அத்தை ரிஷ்கோவுக்குச் சட்டை பின்னினார். ஆனால் அவன் எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு நாளும் படித்துப் பார்க்கவில்லை. அவரைச் சுற்றி ஐயாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. ரிஷ்கோ அவரை நம்பினான். நான் இனி இங்கே வர மாட்டேன்.'

இவ்வளவு நன்றாக அந்த வலைப்பூவில் யாரும் எழுதியதில்லை. டோன்காவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பெருமையாலா துக்கத்தாலா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டாள், வேறெதையும் தொடவில்லை, வெளியிட்டாள். சனிக்கிழமை ஸ்பெயினிலிருந்து அம்மாக்காரி எழுதியிருந்தாள்: 'என் பொண்ணு இவ்வளவு எழுதுவாளா!' டோன்காவுக்கென்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மற்ற பெற்றோர் எழுதிய வார்த்தைகள் இங்கே வேண்டாம். கறிக்கடை இஸ்க்ரென்கூட அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார்.

நெவேனா சொன்னபடியே வரவில்லை. ஆனால் தான் தங்கியிருந்த வீட்டு அத்தையின் போனில் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு டோன்கா அதைத் திறந்து படிப்பாள், ஒரு வாரம் தவறியதில்லை. கணப்புக்குப் பக்கத்தில் மெத்தை இன்னும் கிடந்தது, எடுத்துப்போட அவளுக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு நெவேனா எழுதினாள்: 'இந்த வருஷமும் கொசுனாக் சுட்டேன். போன வருஷம் என் ரொட்டியை ரிஷ்கோ தொடவில்லை, குருவிகள்தான் தின்றன. இப்போது பக்கத்து வீட்டில் ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. அதனால் திராட்சையே போடவில்லை. நான் டோன்கா அத்தை மாதிரி இல்லை.'

'நல்லா எழுதியிருக்கே கண்ணு' என்று டோன்கா கீழே தட்டினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டுக் கணினியை மூடினாள்.