ஒரு வரிக்கு இடம்

ஷார்மைனுக்குக் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரைஸ் குக்கர், மின்விசிறிக்குள் இருக்கும் சின்னச் சிப்புகளுக்கு நிரல் எழுதுவாள். அவற்றில் நினைவகம் மிகக் குறைவு. நிரல் கொஞ்சம் கூடினாலும் கொள்ளாது.

கணவன் கேவின் போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டியவன். நரம்பு நோயில் கைகால் விழுந்து, பேச்சும் போய், கடைசியில் ஒரு விரல்தான் அசைந்தது. தொடுதிரை ஒத்துவரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவள் தனக்குப் பழகிய சிப்பை வைத்து ஒரு பெட்டி செய்தாள். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வரும்; வேண்டியது வந்ததும் அவன் பொத்தானை அழுத்துவான். தண்ணி. வலிக்குது. திருப்பிப் படுக்க வை. அவன் அம்மா டொரத்திக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்பதால் எல்லாம் தமிழில். அந்த எழுத்து வடிவங்களே சிப்பை நிரப்பிவிட்டன.

டொரத்தி கட்டிலருகே உட்கார்ந்து தினமும் அழுவாள். ஒருநாள் கேவின், அவள் பிடித்த எழுத்து அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் காட்டி, பெட்டியில் இன்னொரு வரி கேட்டான்: மம்மி அழாதீங்க.

அதற்கு இடமில்லை. எழுதிய நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், வேண்டாத கட்டளைகளையும் சேர்த்து இடத்தைத் தின்றது. புதிய பதிப்பில் அந்தக் குறை இல்லை. ஆனால் அது இந்தப் பழைய சிப்புக்கு வேலை செய்யாது. பெரிய சிப் போட்டுப் புதுப்பெட்டி செய்ய நாளாகும். கம்பைலர் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த மென்பொருள். புதிய பதிப்பை இந்தச் சிப்புக்கும் ஒத்துவரச் செய்வது சீக்கிரம் முடியும் என்று நம்பி இறங்கினாள். வாரங்கள் ஓடின.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த வரி உள்ளே அடங்கியது. பெட்டியோடு ஓடி வந்தவளிடம் டொரத்தி சொன்னாள்: "விரல் அசையலம்மா. காலையிலேர்ந்து பாக்குறேன்."

ஷார்மைன் அவன் விரலைப் பொத்தானில் வைத்து, மேலே தன் விரலால் அழுத்தினாள். டொரத்தி திரையைப் படித்தாள். பிறகு மருமகளின் கையைப் பார்த்தாள்.

"நீதானே அழுத்துன."

"அவர் கேட்டதுதான் மம்மி."

கேவின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். டொரத்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முன்பே அவன் போய்விட்டான்.

அவள் அனுப்பிய திருத்தத்தைக் கம்பைலர் குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். வேறு ஆளில்லை, கம்பைலரில் இந்தச் சிப்புக்கான பகுதியை இனி நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து அந்த வேலையில் உட்காருவாள். யாருக்காக இது என்று ஒருமுறை டொரத்தி கேட்டாள்.

"யாரோ மம்மி. இந்தச் சிப்பைத் தண்ணி பம்புக்குப் போடுறாங்களாம்."

டொரத்தி தலையாட்டிவிட்டு, தேத்தண்ணி கலக்கப் போனாள்.