சிலியிலிருந்து வந்த படங்கள்

அத்தை சிலிக்குப் போய்விட்டு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். டெல்லியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த அவளை, அந்த நாட்டின் வரலாற்றையும் மக்களையும் தெரிந்துகொண்டு வரச் சொல்லி ஒரு மாணவர் குழுவோடு அனுப்பியிருந்தார்கள். கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அதுவரை கடல் தாண்டியவர்கள் எல்லாம் துபாய்க்கு வேலைக்குப் போனவர்கள்தான். ஊர் சுற்றிப் பார்ப்பதும் ஒரு படிப்பு என்பதை அம்மா கடைசிவரை நம்பவே இல்லை.

வந்த அன்று சாயங்காலம் அத்தை பென் டிரைவை டிவியில் செருகிப் படங்களைக் காட்டினாள். பனி மூடிய மலை, சுவரெல்லாம் சித்திரம் வரைந்த தெரு, தாமிரச் சுரங்கம். ஒரு சோளக்காட்டைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கே மானாவாரியா கிணற்றுப் பாசனமா என்று விசாரித்தார். அத்தைக்குத் தெரியவில்லை. என்னத்தைப் படித்தாயோ என்றார் அப்பா.

அடுத்த படத்தில் வயதான பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் யாரோ ஒருவருடைய புகைப்படம் குத்தியிருந்தது.

"அங்க ராணுவம் ஆட்சியப் புடிச்சப்ப நெறைய பேர வூட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரல. இவங்க அவங்களோட பொண்டாட்டிங்க, அக்கா தங்கச்சிங்க" என்றாள் அத்தை.

"செரி, அடுத்ததப் போடு" என்றார் அப்பா.

"மாத்தாத பாப்பா."

சமையலறை வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். அவள் அப்பாவுடைய அண்ணனின் மனைவி. அப்பாவின் தங்கையான அத்தையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். பெரியப்பா பம்பாயில் வேலை செய்வதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பு ஜீப்பில் வந்த சிலர், விசாரிக்க வேண்டும் என்று அவரைக் கூட்டிப்போனதும், மறுநாள் தேடிப்போன போலீஸ் ஸ்டேஷன்களிலெல்லாம் அப்படி யாரும் இங்கே வரவில்லை என்று கைவிரித்ததும் நான் வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டவை. பெரியம்மா தாலியும் பொட்டுமாக எங்களோடேயே இருந்தாள். அதிகம் பேசமாட்டாள்.

அன்று பேசினாள். "எத்தன வருசமா தேடறாங்க?"

"நாப்பது வருசம் இருக்கும் அண்ணி. பாலைவனத்துல போயி மண்ணத் தோண்டித் தேடியிருக்காங்க."

"கெடச்சுதா?"

"செலருக்கு. ஒரு பல்லு, ஒரு எலும்புத் துண்டு, அப்படி."

"அத வெச்சிட்டு என்ன பண்ணாங்க?"

"அடக்கம் பண்ணாங்க அண்ணி."

பெரியம்மா டிவிக்குக் கிட்டே வந்து அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ரோட்டுல நின்னு கேக்க உடறாங்களா?"

"மொதல்ல அடிச்சாங்க. அதுக்கப்பறமும் நின்னாங்க."

அப்பா எழுந்து டிவியை அணைத்துவிட்டார். "கொழந்த இருக்கறா" என்றார். எனக்கு மறுபடி பனிமலையைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே பெரியம்மா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனாள். பையில் அவளுடைய கல்யாணப் படம் இருந்தது. அதில் பெரியப்பா கேமராவை முறைத்துக்கொண்டு நிற்பார். அவர் முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொன்னாள்.

"பெருசு பண்ணி, மால போடற மாதிரி ஃபிரேம் போட்ரலாங்களா?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார்.

"வேணாங்க. நெஞ்சுல குத்திக்கற அளவு இருந்தாப் போதும்."

லேமினேஷன் சூடு ஆறுவதற்குள் அதை வாங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே ஊக்கால் புடவையில் குத்திக்கொண்டாள். எனக்கு அது பள்ளிக்கூட அடையாள அட்டை போலத் தெரிந்தது. பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் இறங்கும் இடத்தில் அப்பா பைக்கோடு நின்றிருந்தார். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன அண்ணி இது? இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்க வம்பு? நாளைக்கு எங்களயும் வந்து கூட்டிட்டுப் போனா..." என்று ஆரம்பித்தவர், படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வீட்டில் அந்தக் கல்யாணப் படத்தை யாரும் வெளியே எடுத்ததில்லை. அண்ணன் முகத்தை அவர் எத்தனை காலம் கழித்துப் பார்த்தாரோ.

"அவரு வருவாருன்னு குத்திக்கல தம்பி" என்றாள் பெரியம்மா. "எங்க வெச்சீங்கன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

அப்பா ரோட்டோரமாகவே குந்தி உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியம்மா அழவில்லை. அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். அப்பாவே அவளை வண்டியில் கூட்டிப்போனார். அதற்குப் பிறகும் எத்தனையோ திங்கட்கிழமைகள் போனார்கள். பெரியப்பாவைப் பற்றி எங்கிருந்தும் இன்றுவரை ஒரு தகவலும் வரவில்லை. பெரியம்மா இப்போதும் போகிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தையும் கூடப் போய் நிற்கிறாள்.

அந்த முதல் திங்கட்கிழமை காலையில், நெஞ்சில் படத்தோடு வண்டியின் பின்னால் பெரியம்மா ஏறி உட்கார்ந்தபோது, அம்மா வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சந்தோஷமாகக் கையாட்டினேன். பெரியப்பாவைக் கூட்டிவரத்தான் போகிறார்கள் என்று முடிவே செய்திருந்தேன். திரும்பி வரும்போது மூன்று பேரும் அந்த ஒரு வண்டியில் எப்படி உட்கார்ந்து வருவார்கள் என்பது ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.