திருவானைக்காவலில் கை நனைத்த ஞாயிறு

இந்த முறை நான் திருச்சிக்குக் கிளம்பியது கோவில் பார்க்க அல்ல, சாப்பிட. அதுவும் ஒரே ஒரு வேளை. நான் சாப்பிட்டால் என் தம்பி சரவணனுக்குக் கல்யாணம், சாப்பிடாவிட்டால் இல்லை.

எங்கள் உறவுகளில் சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டார்கள். உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ‘கை நனைச்சாச்சா?’ என்று கேட்பது இதைத்தான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. மூத்தவள் நான், அதனால் நனைய வேண்டியது என் கை. பெண் ரேவதியை முதலில் கோவிலில் வைத்துப் பார்த்தோம். இருவருக்கும் பிடித்துப்போய் இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பத்து நாலு வயதில், இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, பையன் குளிக்கும்போது பாட ஆரம்பித்திருந்தான். ஐப்பசியின் இரண்டாவது ஞாயிறு, திருவானைக்காவலில் பெண் வீட்டில் மதியச் சாப்பாடு என்று பேசி முடித்தோம்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வாய் சோற்றை விழுங்குவதே எனக்குப் பெரிய வேலை. ஐந்து வருடங்களுக்கு முன் எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் பட்டை. அதிலிருந்து வரும் சின்னக் குழாய், தோலுக்கு அடியில் பெரிய சட்டைப் பொத்தான் போன்ற ஒன்றில் முடிகிறது. டாக்டர் அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் போலாகிவிடும். 104 கிலோவிலிருந்து 66-க்கு வந்தேன். இது என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சரவணனுக்கும் தெரியாது. இந்த வலைப்பக்கத்திலும் எழுதியதில்லை.

பட்டையோடு வாழ்வது என்றால் எப்போதும் எண்ணிக்கொண்டே இருப்பது. ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல், அடுத்த வாய்க்கு ஒரு நிமிடம் இடைவெளி. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. பரோட்டா, பிரெட், குழைந்த சாதம் எல்லாம் ஆபத்து. ஒரு வாய் மாட்டிக்கொண்டால் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தது போல அழுத்தும், எச்சில் ஊறிக்கொண்டே வரும், கடைசியில் போனது அப்படியே மேலே வந்தாக வேண்டும். என் பதிவுகளில் கழிப்பறைத் தகவல் தவறாமல் இருப்பதைப் பாராட்டி எழுதுவீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இது போதாதென்று, கல்யாண போட்டோவுக்காக அதற்கு முந்தைய புதன்கிழமைதான் போய்ப் பட்டையை இறுக்கிக்கொண்டேன். மூன்று கிலோ கூடியிருந்தது. “ரெண்டு நாள் தண்ணியா, அப்புறம் மூணு நாள் மசிச்சு, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்” என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நாள் கணக்கைப் பார்த்தால் விருந்து மசித்துச் சாப்பிட வேண்டிய நாளில் வருகிறது. இதை ஊசி ஏறிய பிறகுதான் யோசித்தேன். இப்படிப்பட்ட புத்திசாலியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

எழும்பூரில் காலை ஆறு மணி ரயில். திருச்சிக்கு முந்நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், நாலரை மணி நேரம். அந்த நாலரை மணி நேரத்தில் ஒன்பது தடவை எழுந்து நடந்தேன். விழுப்புரம் வந்ததும் சரவணன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

“வேணாம்டா. விரதம்.”

“ஞாயித்துக்கிழமை என்னக்கா விரதம்?”

“உனக்காகத்தான்.”

அவன் முகம் மாறிவிட்டது. பொட்டலத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு அவனும் சாப்பிடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மறுபடியும் எழுந்து கதவருகே போய் நின்றேன்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது மணி பத்தரை. வாசலில் ஆட்டோக்காரரிடம் கேட்டோம்.

“திருவானைக்காவலுங்களா? எரநூத்தம்பது குடுங்க. பாலத்துல ஒரே டிராஃபிக்கு.”

“பஸ்ஸுலயும் அதே பாலம்தானேங்க?”

“அப்ப பஸ்ஸுலயே போங்க” என்று சிரித்துவிட்டார். போனோம். ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் சத்திரம் பஸ் நிலையம் வழியாகத் திருவானைக்காவல் போய் ஸ்ரீரங்கம் வரை போகிறது. தம்பிக்குப் பன்னிரண்டு ரூபாய், எனக்கு மகளிர் இலவச டிக்கெட். காவிரியில் தண்ணீர் இரு கரை தொட்டு ஓடியது, பஸ்ஸே ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. நான் பைக்குள் கையை விட்டு, வாந்திக்கு வைத்திருக்கும் கவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று இருந்தன.

திருவானைக்காவல் கோவிலில் முக்கால் மணி நேரம் இருந்தோம். உச்சிகால பூஜைக்குக் கூட்டம் சேர்ந்தது. என்னால் வரிசையில் நிற்க முடியவில்லை. “நீ கும்பிட்டுட்டு வா” என்று தம்பியை அனுப்பிவிட்டு வெளிப்பிரகாரத்தை நடந்தே தீர்த்தேன். மதியம் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்கள், அதனால் முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

பெண் வீடு கோவிலிலிருந்து நடக்கிற தூரம். ரேவதியின் அப்பா மாணிக்கம் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா செல்விக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல கனமான உடம்பு, முட்டியில் உறை மாட்டியிருந்தார். கூட ஒரு அத்தை, மாணிக்கத்தின் அக்கா. பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். கேசரி, வடை, உருளைக்கிழங்கு வறுவல், முருங்கைக்காய் சாம்பார். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேசரியில் நுனிவிரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டேன். கரைந்து இறங்கிவிட்டது. ரேவதி நிமிர்ந்து சரவணனைப் பார்த்தாள். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

செல்வியக்கா தன் கையாலேயே சாதம் வைத்து, சாம்பார் ஊற்றி, என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு.

“சம்பந்தியம்மா, நீங்க எழுதுறத நான் விடாம படிக்கிறேங்க. நடந்தே முப்பத்தெட்டு கிலோ குறைச்சேன்னு எழுதியிருந்தீங்களே, அதப் படிச்சிட்டுத்தான் நானும் ஆரம்பிச்சேன். காலையில நாலரைக்கு எழுந்து கோவிலச் சுத்தி நாலு வீதியும் மூணு ரவுண்டு. ஒன்றரை வருஷம் ஆச்சு. மூணு கிலோதான் குறைஞ்சுது, முட்டிதான் போச்சு. நான் எங்க தப்பு பண்றேன், நீங்களே சொல்லுங்களேன்.”

அப்படி ஒரு பதிவு எழுதியது உண்மை. எல்லாரும் ‘எப்படி இளைத்தீர்கள்?’ என்று கேட்டார்கள், நான் நடை என்றேன். கேட்கக் கேட்க அது ஒரு முழுப் பதிவாகவே ஆகிவிட்டது. இப்போது இந்த அம்மா கண்ணை அகல விரித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் சொல்ல அவசரப்பட்டு அந்தக் கவளத்தை விழுங்கினேன்.

மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் சமாளித்தேன். விக்கல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அத்தை சொம்பை நீட்டினார். தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம் என்பதால் தலையை ஆட்டினேன். பிறகு முடியவில்லை, எழுந்து கொல்லைக்கு ஓடினேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தெரியாது. நான் பட்ட பாடு வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

முகம் கழுவிக்கொண்டு வந்தால், யாருமே சாப்பிடவில்லை. எல்லா இலையும் அப்படியே கிடந்தது.

“கை நனைச்சிட்டுப் பாதியில எழுந்துட்டா என்ன அர்த்தம்ங்க?” என்றார் அத்தை.

மாணிக்கம் அவரைக் கையமர்த்தினார். “சம்பந்தியம்மா, எங்க மேல ஏதாச்சும் குறைன்னா இப்பவே சொல்லிடுங்க. மனசுல வச்சுக்கிட்டுச் சாப்பிட வேணாம்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று சரவணன் அவசரமாக எழுந்தான். “அக்கா எனக்காகக் காலையிலேருந்து விரதம். வெறும் வயிறு, அதான் ஒத்துக்கல.”

நான் சொன்ன பொய்யை எடுத்து எனக்கே முட்டுக் கொடுத்தான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“விரதமெல்லாம் இல்லீங்க. எனக்கு வயித்துல பட்டை போட்டிருக்கு.”

“பட்டையா?” என்றார் அத்தை. “நெத்தியில போடுறத வயித்துல எதுக்குங்க போட்டீங்க?”

சிவன் கோவில் வாசலில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னது என் தப்புதான். ஆபரேஷன், சிலிக்கான், உப்புநீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் பிடித்துக்கொண்டவர் பட்டறைக்காரர்.

“ஹோஸ் பைப்புக்குக் கிளாம்ப் போட்டு முடுக்குற மாதிரிங்களா?”

“அதேதாங்க.”

“ஓவரா முடுக்கிட்டா லைன் அடைச்சுக்குமே. லூஸ் பண்ண வழி இருக்குங்களா?”

இருக்கிறது என்றேன். ஐந்து வருடத்தில் இவ்வளவு சரியாக யாருக்கும் புரிந்ததில்லை. ஆனால் செல்வியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீங்க நடந்து குறைக்கலியா?”

“நடந்தேங்க்கா. ஆனா அதுல குறைஞ்சது கொஞ்சம்தான்.”

“நான் சோம்பேறி, அதான் குறைய மாட்டேங்குதுன்னு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ரேவதியக் கேளுங்க.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். நான் அதுவரை போன பயணங்களில் எந்த ஊரிலும் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்ததில்லை. சரவணன் என்னைப் பார்க்கவில்லை, ரேவதி தரையைப் பார்த்தாள். கல்யாணம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அதுவும் என்னால்.

செல்வியக்கா திரும்பி வந்தபோது கையில் ரசப் பாத்திரமும் ஒரு டம்ளரும் இருந்தன. “தெளிவு ரசம். இது எறங்குமா?”

“கொஞ்ச நேரம் கழிச்சு, மெதுவாக் குடிச்சா எறங்கும்ங்க்கா.”

“டம்ளர்ல குடிச்சா கை எங்க நனையும்?” என்றார் அத்தை. அவர் கவலை அவருக்கு.

செல்வியக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு, “கைய நீட்டுங்க” என்றார். உள்ளங்கையைக் குழித்து நீட்டினேன். கரண்டியால் கொஞ்சம் ஊற்றினார். உறிஞ்சிக் குடித்தேன். இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மூன்றாவது தடவை ரசம் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடியது.

“நனைஞ்சிருச்சு” என்றார் செல்வியக்கா, அத்தையைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, “கல்யாணம் புள்ளைங்களோடது. உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. அது வேற” என்றார். சரவணன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தான். மூன்று தடவை சோறு வாங்கினான்.

இரண்டரைக்குக் கிளம்பி, திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு கிலோமீட்டரும் நடந்தோம். உத்திர வீதியில் வெயில் இறங்கவில்லை. கோவிலுக்குள் போக இருவருக்கும் மனமில்லை. நான் வேகமாக நடந்தேன், அவன் பின்னால் வந்தான்.

“ஆபரேஷனப்ப கூட யாருக்கா இருந்தா?”

“மாமா.”

“கொடைக்கானல் போறோம்னு சொன்னியே, அப்பவா?”

“ஆமா.”

“பனியா இருக்கான்னு போன்ல கேட்டேன். ரொம்பக் குளிருதுன்னு சொன்ன.”

தெற்கு உத்திர வீதி முழுக்க என்னை முந்திக்கொண்டு நடந்தான். திருப்பத்தில் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். ஐந்து மணி ரயிலுக்கு ஆட்டோ பிடித்தோம், முந்நூறு ரூபாய்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நிற்கும் ரயில் கிடைத்தால் அங்கேயே இறங்குங்கள், ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டாம். வெளியூர் பஸ்கள் பலவும் இப்போது ஊருக்கு வெளியே பஞ்சப்பூர் புதுப் பஸ் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன, அங்கிருந்து டவுன் பஸ் மாற ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை போட்டவர்கள் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் அதை இறுக்கிக்கொள்ளவே வேண்டாம். பலருக்குக் காலையிலும் பதற்றத்திலும் அது இன்னும் இறுக்கமாகத் தெரியும் என்று என் டாக்டர் சொன்னார். காலையில் கஞ்சியோ மோரோ போதும். கூட வருகிறவரிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் செவ்வாய்க்கிழமை போய்த் தளர்த்திக்கொண்டேன். இரண்டு கிலோ கூடிவிட்டது, போட்டோவில் தெரிந்தால் தெரியட்டும். தை மாதம் முகூர்த்தம்.

அந்த நடைப் பதிவை நான் அழிக்கவில்லை. அழித்தால், படித்துவிட்டு நடக்கிறவர்களுக்கு உண்மை தெரியாமலே போய்விடும். அதன் மேலேயே இந்தப் பதிவுக்கான இணைப்பைக் கொடுத்திருக்கிறேன். ‘நானும் ஆரம்பித்துவிட்டேன்’ என்று அங்கே எழுதியவர்களே, நடப்பது நல்லதுதான், பிடித்தால் நடங்கள். ஆனால் நான் இளைத்தது அதனால் இல்லை. உங்களுக்குக் குறையாததற்கு நீங்கள் காரணம் இல்லை, பொய் சொன்னது நான். செல்வியக்கா, நாளைக்கு நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம். தூங்குங்கள்.