கறுப்பு மூக்கு வண்டி

"ஓட வெச்சுக் குடுங்க, போதும்" என்றுதான் அந்த அக்கா சொன்னார். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி என் நண்பன் டிங்கர் ஷெட் வைத்திருக்கிறான். அதன் வாசலில், வண்டி லாரியிலிருந்து இறங்குமுன்னே சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் என் கண் முழுக்க வண்டிமேல் இருந்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஆங்கிலேய வண்டி. மடக்கினால் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் துணிக்கூரை. யாரோ ஒரு தூதரக அதிகாரி ஊர் திரும்பும்போது விட்டுப்போனதை அக்காவின் கணவர் வாங்கியிருக்கிறார். ராணுவத்தில் இருந்தவர். ஆவடிக் குடியிருப்பிலும், ஓய்வுக்குப் பிறகு பட்டாபிராம் ஃப்ளாட்டிலும் அதை வைத்திருந்தார். அவர் போய் மூன்று வருடம். அன்றிலிருந்து வண்டியும் அசையவில்லை. அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். ஞாயிறு காலைகளில் இருவரும் அயனம்பாக்கம் ஏரிவரை போய்வருவார்களாம். அந்த ஏரிவரை ஒரு தடவை, தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் இரும்பு அச்சுகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவன். ஞாயிறு என்றால் நண்பனின் ஷெட். இந்த வண்டியை அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அதன் வம்சம் எனக்கு மனப்பாடம். முதலில் வந்த மாடலின் முகமே ஒரு சிரிப்பு. மெல்லிய குரோம் பம்பர், முன் கிரில்லில் நெடுக்குப் பட்டைகளாய் வெள்ளிப் பல்வரிசை, இழுத்துத் திறக்கும் கதவுப்பிடி, தரையை உரசிவிடுமோ என்று பயமுறுத்தும் தாழ்ந்த இடுப்பு. எஞ்சினுக்குள் கிராங்கைத் தாங்க மூன்று பேரிங்தான் வைத்திருந்தார்கள்; பிறகு அது ஐந்தானது. கதவுப்பிடியில் பட்டன் வந்தது. முதல் கியர் அதுவரை கறகறவென்று முனகிக்கொண்டுதான் விழும். அடுத்த மாடலில் அந்த முனகல் நின்றது. அப்புறம் யாருக்கு என்ன தோன்றியதோ, பல்வரிசையைப் பிடுங்கிவிட்டு உள்ளொடுங்கிய கறுப்பு வாயை வைத்தார்கள். பல பேருக்குப் பிடிக்கவில்லை. மறுபடி குரோம். கடைசியில் கடல் தாண்டி அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மெதுவாக மோதினால் வண்டிக்குச் சேதம் வரக் கூடாது, பம்பர் இன்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்று. இரும்பின்மேல் தடித்த கறுப்பு ரப்பரைப் போர்த்தி மூக்காக ஒட்டினார்கள். உயரம் போதாமல் வண்டியையே ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கினார்கள். வளைவுகளில் அது தள்ளாடியது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

அக்காவின் வண்டி அந்தக் கடைசி வகை. நானும் சுளித்தேன். வயிறு முன்னால் வந்து, மூட்டு தேய்ந்து, கண்ணாடி தடித்து நிற்கிற வயதில் கடைசி மாடல்களின் மேல் ஒருவனுக்குக் கோபம் வருவது இயல்புதான் போலிருக்கிறது.

"மாமே, அக்கா ஓடுனா போதும்னுச்சு. நீ இன்னாத்துக்கு மூஞ்சிய மாத்தச் சொல்ற?" என்றான் நண்பன். வயதில் எனக்கு ஒரு வருடம் இளையவன்; தகரத்தைத் தட்டித் தட்டிப் பாதிக் காது போனவன்.

"இது அதோட மூஞ்சியே இல்லடா. மேல மாட்டி வுட்டது. உள்ள பழைய அழகு அப்படியே இருக்கு."

"இருந்துட்டுப் போது. அவங்க கைல ஒரு வார்த்த கேட்டுக்கோ."

"சொல்லாம குடுப்போம். பாத்ததும் அசந்துருவாங்க."

"உன் கவிதைக்கு என் ஷெட்டுதான் கெடச்சுதா நைனா" என்றான். ஆனால் கட்டரைக் கையில் எடுத்துவிட்டான். எனக்காக எடுத்தான்.

நான்கு மாத ஞாயிறுகள். பெங்களூரில் ஒருவரிடமிருந்து குரோம் பம்பர்கள் வந்தன, பல்வரிசை வந்தது. ரப்பர் உட்கார்ந்திருந்த இடங்களை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைத்தோம். முன் அச்சைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றி வண்டியை மறுபடி கீழே இறக்கினோம். நண்பன் துருப்பிடித்த பெட்ரோல் டாங்கைக் கழுவி, இரண்டு கார்புரேட்டரையும் பிரித்துச் சேர்த்து, ஒரு மத்தியானம் எஞ்சினை உயிர்ப்பித்தான். தெருநாய்கள் எழுந்து போயின.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் சாக்பீஸால் நம்பர் எழுதிச் சுவரில் கம்பி கட்டித் தொங்கவிடுவான். வண்டிக்காரர் வந்து பார்த்து "சரி, எடு" என்று சொன்னபிறகுதான் அது காயலான் கடைக்குப் போகும். அந்தச் சுவரில் நான்கு மாதமாக, முன்னும் பின்னும் கழற்றிய இரண்டு கறுப்பு மூக்குகளும் தொங்கின. முன்மூக்கில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளவு. அழகாகிக்கொண்டே வரும் வண்டிக்குப் பக்கத்தில் அவை தொங்குவது எனக்கு ஆகவில்லை. ஒரு ஞாயிறு நண்பன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். காயலான் கடை மூன்று சக்கர வண்டி தெருவில் வந்தது. இரண்டையும் நானே தூக்கி ஏற்றினேன்.

மறுநாள் அவன் போனில் அதிகம் பேசவில்லை. "என் செவுத்துல கை வெச்சுட்டியே மாமே." அவனே பூந்தமல்லிவரை தேடிப் போனான். சரக்கு அதற்குள் லோடாகிப் போய்விட்டிருந்தது.

அக்கா வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. ஓட்டுவதற்கென்று சுடிதார் போட்டு, தட்டைச் செருப்போடு வந்திருந்தார். நான் உறையை உருவினேன். மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வண்டி நின்றது. அவர் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு முன்னால் குனிந்து, குரோமின் இடதுபக்கம் விரல்களை வைத்துத் தேடினார்.

"இங்க ஒரு கிழிசல் இருந்துதே."

நான் உற்சாகமாகச் சட்டத்தையும் ரப்பரையும் விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினார்.

"கத்துக்கிட்ட மொத நாள் குவார்ட்டர்ஸ் கேட்டுல நேரா கொண்டுபோய் வெச்சேன். கல்தூண். அவர் இறங்கி வண்டியப் பாக்கவே இல்ல, எம்பக்கம் வந்து கதவத் தெறந்தாரு. அப்புறம் சிரிக்கிறாரு. எல்லாரும் இந்த ரப்பரக் கிண்டல் பண்றானுங்க, இது எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுதுன்னாரு." கையைக் குரோமிலிருந்து எடுத்துக்கொண்டார். "மாத்த வேணாம்னே சொல்லிட்டாரு. வண்டிய எடுக்கறப்பெல்லாம் இதப் பாத்துச் சிரிச்சுக்கலாம்னு."

வெட்டிய இடங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். திருப்பி வைக்க வழியில்லை.

"கழட்டினது எங்க தம்பி? அதையாவது குடுங்க, வீட்டுல வெச்சுக்கறேன்."

அவர் கேட்டது என்னைப் பார்த்து. நான் சுவரில் காலியாகத் தொங்கிய கம்பியைப் பார்த்தேன். நண்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான், "நான்தான்க்கா. எடம் இல்லன்னு தூக்கிக் குடுத்துட்டேன். தப்புதான்."

அவர் தலையசைத்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். தரை மிகவும் கிட்டே வந்துவிட்டது, கால் மடங்கவில்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார். "நீங்களே கொண்டுவந்து விட்டுருங்க."

சென்னீர்குப்பத்திலிருந்து பட்டாபிராம்வரை நான் ஓட்டினேன். வண்டி அற்புதமாக ஓடியது, வளைவில் தள்ளாடவில்லை. ஆவடி சிக்னலில் பைக்கில் இருந்த இரண்டு பேர் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். "அண்ணாத்தே, செம்மையா கீது" என்றான் ஒருவன். அக்கா அவனைப் பார்த்துப் புன்னகைத்தார், மரியாதைக்கு. அந்தச் சிவப்பு விளக்கு நீண்ட நேரம் எரிந்தது. தூக்கி ஏற்றியது நான்தான் என்று சொல்லிவிட அது போதும். பருத்திப்பட்டு தாண்டும்போதே சொல்லியிருக்கலாம். இந்து காலேஜ் ஸ்டேஷன் பக்கம் சொல்லியிருக்கலாம். மூக்கில்லாத வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன்.

ஃப்ளாட்டின் கீழே நிறுத்தினேன். வண்டி இப்போதும் அங்கேதான், உறைக்குள் நிற்கிறது, ஏரிப்பக்கம் போகவில்லை. அன்று சாவியை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார்.

"அந்தத் தம்பியத் திட்டிடாதீங்க. தெரியாம செஞ்சிருப்பாரு."

"இல்லக்கா, திட்டல" என்றேன்.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது நண்பன் கூப்பிட்டான்.

"அக்கா இன்னா சொன்னாங்க மாமே?"

"உன்னத் திட்ட வேணாம்னாங்க."

"நல்லவங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.