முன் அறையும் சாம்பல் நிற டிஷ்ஷும்

தம்பி இதுவரை பார்த்த வேலைகளை அக்கா ஒன்றுவிடாமல் சொல்லுவாள். குறையாகச் சொல்ல மாட்டாள், பெருமையாகத்தான் சொல்லுவாள். ரொட்டிக் கடையில் இருந்தான். ரொட்டிகளை வரிசை பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்ததில் வண்டி அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கூரியரில் இருந்தான், கிழிந்த பொட்டலத்தையெல்லாம் உட்கார்ந்து ஒட்டிவிட்டுத்தான் கொண்டுபோவான், அவர்களுக்குப் பொறுமை இல்லை. "அவனுக்கு அவசரப்படத் தெரியாது, அவ்வளவுதான்" என்பாள் அக்கா. ஒரு பட்டன் துளை கோணினாலும் பிரித்துவிட்டுத் தைக்கிற தையல்காரி அவள். அவளுக்கு இது எப்படிக் குறையாகத் தெரியும்?

இப்போது தம்பி டிஷ் மாட்டுகிறான். நல்ல மழையிலும் படம் நிற்காத வீடு எது என்று தெருவில் கேட்டால் அவன் மாட்டிய வீட்டைத்தான் காட்டுவார்கள். துணி தைக்க வருகிறவர்களிடம் அக்கா அளவெடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவாள். வாயில் குண்டூசி இருந்தாலும் சொல்லுவாள்.

அவனுக்கு ஒரு கடை வேண்டும். அக்கா வீட்டு முன் அறை தெருவைப் பார்த்தபடி சும்மா கிடந்தது. சும்மா என்றால், அவள் வீட்டுக்காரரின் சாமான்கள் நிறையக் கிடந்தன. காலி டப்பாக்கள், கால் ஒடிந்த சோபா, என்றைக்கோ ஓடிய மோட்டார். அவர் பஸ்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் அடித்து முடித்த பஸ்ஸைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

"ரெண்டு வேலையை விட்டுட்டு வந்தவன்," என்றார் அவர். "அறையைக் காலி பண்ணிக் குடுத்தப்புறம் இதையும் விட்டுட்டான்னா?"

"விட மாட்டாங்க."

"சரி, நம்ம வீட்ல ஒண்ணு மாட்டட்டும். ஃபுட்பால் ஃபைனல் அன்னிக்குப் பட்டறை ஆளுங்க எல்லாம் வர்றாங்க. படம் ஒழுங்கா ஓடுச்சுன்னா அறை அவனுக்கு. நின்னுச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

தம்பி தலையைச் சொறிந்தான். "மாமா, இது சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வர்ற சீசன். மத்தியானம் எல்லா வீட்லயும் கொஞ்ச நேரம் படம் போகும். தானா வந்துடும். அது கணக்குல வரக்கூடாது."

"இப்பவே சாக்கா? சரி மச்சான், ஊருக்கெல்லாம் வந்தா நமக்கும் வரணும். அதுதான் கணக்கு."

மூவரும் கடைக்குப் போனார்கள். மாமாவின் கண் உள்ளே நுழைந்ததுமே மேலே தொங்கிய பளபளப்பான பெரிய டிஷ்ஷில் போய் ஒட்டிக்கொண்டது. தம்பி அதன் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினான். தகரம் அப்பள டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது.

"காத்தடிச்சா இது ஆடுற ஆட்டத்துக்கு நாமளும் சேந்து ஆடணும்," என்றான்.

பிறகு அக்காவிடம் நூல் கேட்டான். அவள் பையில் நூல்கண்டு இல்லாமல் வெளியே கிளம்பியதே கிடையாது. ஒரு டிஷ்ஷின் வாயில் குறுக்காக ஒரு நூலும் நெடுக்காக ஒரு நூலும் இழுத்துக் கட்டினான். நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் இருந்தால் டிஷ் நேர். இடைவெளி விழுந்தால் எங்கேயோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் டிஷ்ஷில் இடைவெளி. அடுத்ததிலும் இடைவெளி. கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தம்பி, டிஷ் வாங்க வந்தியா, இல்ல டிஷ்ஷுக்குச் சட்டை தைக்க வந்தியா?"

"தைக்கிறது நான்," என்றாள் அக்கா. "அவன் அளவுதான் எடுக்கிறான். அடுத்ததை எடுங்க."

கடைசியில் தேறியது ஒரு மூலையில் கிடந்த சாம்பல் நிற டிஷ். கனத்த தகரம். பின்பக்கத் தாங்கியைப் பிடித்து உலுக்கினால் கை ஆடியதே தவிர அது ஆடவில்லை. பார்க்கத்தான் கழுவாத சட்டி மாதிரி மங்கலாக இருந்தது.

"இதையா?" என்றார் மாமா. "வீட்டுக்குன்னு ஒரு லட்சணம் வேணாமா?"

"மங்கலா இருக்கிறதுதான் மாமா நல்லது, ஏன்னா..."

"ஆமா, ஏன்னா விலை கம்மி. சரி, எடு, எடு."

தம்பி அன்றைக்கே மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கம்பத்தை இம்மி பிசகாமல் நிமிர்த்தி டிஷ்ஷை மாட்டினான். படம் துடைத்து வைத்தது மாதிரி வந்தது. அடுத்த வாரம் இரண்டு நாள் பேய் மழை. அப்போதும் படம் நிற்கவில்லை. அக்கா மனதுக்குள் முன் அறைக்கு அலமாரி அடித்துவிட்டாள்.

ஃபைனல் அன்று கூடம் நிறைந்துவிட்டது. பட்டறை ஆட்கள் தரையில், ஜன்னல் திண்டில், தையல் மேசை மேல்கூட உட்கார்ந்திருந்தார்கள். மாமா வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்தார். "மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் மாடிக்கு வாங்க. ஒண்ணு காட்டுறேன்," என்றார்.

பந்து கோலை நெருங்கும் நேரத்தில் படம் புள்ளிபுள்ளியாகி நின்றது.

"சூரியன்," என்றான் தம்பி. "எல்லா வீட்லயும் போயிருக்கும். இப்ப வந்துடும்."

பக்கத்து வீட்டிலும் சத்தம் அடங்கியிருந்தது. காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் "கோல்!" என்று கூரை பிய்ந்தது. இங்கே திரை கறுப்பாகவே இருந்தது.

"மச்சான் மாட்டின டிஷ்ஷா?" என்றார் பட்டறை மேஸ்திரி. "பரவால்லப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க கத்துறதை வச்சே ஸ்கோர் போட்டுக்கலாம்."

தம்பி மாடிக்கு ஓடினான். பின்னாலேயே அக்காவும் ஓடினாள்.

சாம்பல் டிஷ் அங்கே இல்லை. அதன் இடத்தில் ஒரு வெள்ளிக் கண்ணாடி மின்னியது. அக்காவின் முகம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. பஸ்ஸுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட், அதுவும் ஒரு கோடு தெரியாமல் வழவழவென்று. டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு மூக்கு என்று பெயர் வைத்திருந்தான் தம்பி. அதன் பிளாஸ்டிக் மூடி மெழுகுபோல் உருகித் தொங்கியது.

"நான் போய்..." என்று அக்கா திரும்பினாள்.

"அக்கா, வாயைத் திறக்காத. அவர் ஆளுங்க முன்னாடி அவரை ஏன் விட்டுக்குடுக்கணும்?"

அவனே கீழே போனான். "மூக்கு போயிடுச்சு. நான் போட்டதுதான், மாத்திடுறேன்," என்று சொல்லி, பையிலிருந்து புது மூக்கை எடுத்துக்கொண்டு ஏறினான். கூடத்தில் ஒரே சிரிப்பு. மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அவரும் மாடிக்கு வந்தார்.

"சொன்னேன்ல? ஊருக்கெல்லாம் வந்திருச்சு. முன் அறைப் பேச்சு இனி..." என்று ஆரம்பித்தவர், உருகிய மூக்கைப் பக்கத்தில் பார்க்கக் கையை நீட்டினார். "ஆ! யம்மா!"

"கையை எடுங்க மாமா! வெயில் அங்கதான் வந்து குவியுது!"

மாமா விரலை வாயில் வைத்துக்கொண்டு டிஷ்ஷைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், மறுபடி டிஷ்ஷைப் பார்த்தார். தம்பி சொன்னபடி அக்கா வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றதோடு சரி.

"இது, மங்கலா இருந்திருந்தா குவியாதா?"

"குவியாது மாமா. வெயில் சிதறிப் போயிடும்."

"கடையில அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?"

"நீங்க சொல்ல விட்டீங்களா?" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

தம்பி டிஷ்ஷின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி மூக்கை மாற்றி முடிப்பதற்குள் மாமா கீழே இறங்கிவிட்டார். படிக்கட்டிலேயே அவர் குரல் கேட்டது. "யாரும் அவனைச் சொல்லாதீங்கப்பா. டிஷ் அழகா இருக்கட்டும்னு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். அடுப்பு மாதிரி ஆக்கிட்டேன். அவன் மேல தப்பு கிடையாது."

மேஸ்திரி கேட்டார்: "எத்தனை கோட்டு பெயிண்டுய்யா அடிச்ச?"

"ரெண்டு."

"ரெண்டு கோட்டுலயே இப்படியா? மூணு அடிச்சிருந்தா சமையலே பண்ணியிருக்கலாம்."

படம் வந்துவிட்டது. பார்க்காமல் போன கோலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பத்துப் பேரும் அப்போதுதான் விழுந்த கோல்போலக் கத்தினார்கள். மாமா மட்டும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறப் போனார். இனி வெயில் மேற்கே நகர்ந்துவிடும், காலையில் தேய்த்தால் போதும் என்று தம்பி அவரைப் பிடித்து உட்கார வைத்தான்.

மேட்ச் முடிந்ததும் யாரையும் அவர் மாடிக்குக் கூப்பிடவில்லை. முன் அறைக்குக் கூப்பிட்டார். "வந்தது வந்தீங்க, ஆளுக்கு ஒரு கை குடுங்க." மோட்டார் வெளியே போனது, டப்பாக்கள் போயின. கால் ஒடிந்த சோபா தெருவில் இறங்கியதும் மேஸ்திரி அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டார்.

காலியான அறையில் தம்பி மூலையைப் பெருக்கினான். பெருக்கிய மூலையையே மறுபடியும் பெருக்கினான். அக்கா டேப்பை எடுத்து வந்து அலமாரிக்கு அளவெடுக்க ஆரம்பித்தாள். அவன் சுவரில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தான்.

"அக்கா, இந்தச் சுவரு நேரா இல்ல."

"கேட்டியாய்யா?" என்றார் மாமா தெருவிலிருந்து. "நாளைக்கு வீட்டையே இடிச்சுக் கட்டச் சொல்லுவான்."

"சொன்னா என்ன?" என்றாள் அக்கா. "எவ்வளவுடா கோணியிருக்கு?"