முத்திரைக்குக் காலியாக விட்ட கட்டம்

போர் ஒரு பெரிய நாட்டை என்ன செய்கிறது என்று பார்க்க மறைமலை நகருக்குப் போ என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் கல்லூரித் தோழி நூர்ஜஹான் அங்கே பம்புக்கு வால்வு செய்யும் பட்டறை நடத்துகிறாள். ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு வழி பிறந்தது.

தாம்பரத்தில் 9.10 மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர். பெருங்களத்தூரில் ஏறிய கூட்டம் கூடுவாஞ்சேரி வரை மூச்சுவிட விடவில்லை. மறைமலை நகரில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"வால்வு கம்பெனியா? அந்த அக்கா செம டென்ஷன்ல கீது. காலைலேந்து லாரி நின்னுகினு கீது," என்றார் ஓட்டுநர்.

நிஜம்தான். பன்னிரண்டு மணிக்குள் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பாவிட்டால் ஆப்பிரிக்க ஆர்டர் ரத்து. பதினெட்டு பேருக்கு வேலை இருக்காது.

லாரியை நிறுத்தி வைத்திருந்தது ஒரு சோதனைச் சான்றிதழ். அதன் அடியில் ஒரு பெரிய நாட்டின் முத்திரைக்கு ஒரு கட்டம். (பெயர் வேண்டாம், அவளுக்கு இன்னும் அங்கே வியாபாரம் இருக்கிறது.) உலகில் யார் வாங்கினாலும் முதலில் அந்த முத்திரையைத்தான் பார்ப்பார்கள். அந்த நாடு வருடக்கணக்காகப் போரில் கிடக்கிறது. தேர்தலில்கூட அங்கே வேறு பேச்சில்லையாம். முத்திரை தரும் பரிசோதனைக்கூடம் ராணுவத்துக்குப் போய்விட்டது, இன்ஸ்பெக்டர் வர நாலு மாதம். ஆப்பிரிக்கக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் சோதனையே போதும் என்று எழுதிவிட்டார்கள். நூர்ஜஹானோ பழக்கதோஷத்தில் கட்டத்தைக் காலியாக விட்டே சான்றிதழை அனுப்பியிருக்கிறாள். யாருடைய கையெழுத்துக்குக் காத்திருக்கிறீர்கள் என்று காலையில் அவர்களிடமிருந்து பதில் வந்திருந்தது.

"பன்னெண்டு வருஷம்டி! அவங்க சீல் இல்லாம ஒரு பாக்ஸ்கூட அனுப்புனதில்ல. நான் சைன் பண்ணி, லீக் ஆச்சுன்னா?"

"டெஸ்ட் பண்ணது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

அப்போதும் போடவில்லை. ஒரு வால்வை எடுத்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்து, பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சொட்டு கசியவில்லை. 11.40க்குக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வல்லரசு உட்கார்ந்திருந்த இடத்தில், ஜிஎஸ்டி ரோட்டோரத் தகரக் கொட்டகையில், என் தோழியின் பெயர் நீல மையில் ஏறியது.

இந்தப் பக்கம் பட்டறை பார்க்கப் போகிறவர்கள் ஷூ போட்டுப் போங்கள். செருப்போடு போன என்னை மிஷின் பக்கமே விடவில்லை. பத்து மணிக்கு முன்னால் போனால் வெயிலுக்குத் தப்பலாம்.

டீ குடிக்கும்போது அந்த நாட்டின் சென்னை ஏஜென்ட் போனில் வந்தார். நாலு மாதம் வேண்டாம், அடுத்த வாரமே இன்ஸ்பெக்டரை அனுப்புகிறோம், கொஞ்சம் காத்திருங்கள் என்றார்.

நூர்ஜஹான் மரியாதையாகத்தான் சொன்னாள்: "லாரி போயிடுச்சு சார்."